கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றியும் நிற்காத கசிவு: திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் மின்னஞ்சல் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு 2023 செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் கடைசி வாரத்தில் கட்டுக்குள் வந்தது. இடம், திருப்பூரில் ஏறத்தாழ நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். நூல் வாங்கிக் கொடுத்து நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஆகியவற்றை வெளியே ஜாப் ஒர்க்காகச் செய்துகொண்டு, தையலையும் பேக்கிங்கையும் மட்டும் சொந்தக் கட்டடத்தில் வைத்திருக்கும் வழக்கமான அமைப்பு அது. ஐரோப்பாவில் இரண்டு பையர்கள் (சரக்கை வாங்குபவர்கள்) உண்டு. அவர்களில் ஒருவருடைய ஆர்டர்தான் ஆண்டு வருமானத்தில் பெரும் பகுதி. சரக்கு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும்.

அலுவலகம் முழுவதும் ஒரே ஜிமெயில் முகவரியில் இயங்கியது. அதன் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருந்தது: அறுபதைக் கடந்த முதலாளி, பதினோரு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கும் பெண், பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் முதலாளியின் மைத்துனர் மகன். கணக்கரும் மெர்ச்சண்டைசரும் தத்தம் கணினியில் தண்டர்பேர்டு மென்பொருள் வழியாக மெயில் பார்த்தார்கள். முதலாளி கைபேசியில் பார்த்தார். ஜிமெயிலை உலாவியில் திறந்து பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை என்பது அப்போது எங்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பு ஒரு காலத்தில் போடப்பட்டிருந்தது. சரிபார்ப்புக் குறியீடு முதலாளியின் கைபேசிக்குத்தான் வரும். அவரோ பாதி நாள் டையிங் யூனிட்டில், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் இருப்பார். குறியீடு கேட்டு மூன்று முறை அழைத்தும் அவர் எடுக்காத ஒரு நாளில் ஷிப்மென்ட் ஆவணம் தாமதமானது, அன்று மாலையே அதை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளை மனிதர்கள் சோம்பலால் கைவிடுகிறார்கள் என்று சொல்வது எளிது. இங்கே அது கைவிடப்பட்டதற்குக் காரணம், மூவர் பயன்படுத்தும் கணக்குக்கு ஒருவருக்கான ஏற்பாட்டைப் பொருத்தியதுதான்.

நான் இந்த நிறுவனத்துக்கும் அருகிலுள்ள வேறு சில நிறுவனங்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்பவன். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் பாதி என்னுடையவை; தவறான முடிவுகளில் பெரியது ஒன்றும் என்னுடையதே.

முதல் அறிகுறியும் முதல் மாற்றமும்

செப்டம்பர் 26 இரவு பதினொரு மணிக்கு மேல் முதலாளியின் கைபேசியில், கணக்கில் புதிய சாதனம் ஒன்றிலிருந்து நுழைவு நடந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. அவர் அதை மறுநாள் காலையில் பார்த்தார். மெர்ச்சண்டைசர் வீட்டிலிருந்து வேலை செய்திருப்பார் என்று கணக்கர் நினைத்தார். அவரை நேரில் கேட்பதற்குள் ஒரு நாள் போயிற்று. இல்லை என்று அவர் சொன்ன பிறகு, 28 ஆம் தேதி மாலை கடவுச்சொல் மாற்றப்பட்டது. நிறுவனத்தின் பெயரோடு 2022 என்று முடிந்த சொல், 2023 என்று முடிந்தது.

இந்த மாற்றம் ஒன்றைச் சரியாகவே செய்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால், நம்மை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் சாதனங்கள் போன்ற சில விலக்குகள் தவிர, மற்ற எல்லா இடங்களிலும் கணக்கு வெளியேற்றப்படும். செயலிகளுக்கென்று தனியாக உருவாக்கிய 16 எழுத்துக் கடவுச்சொற்களும் அத்துடன் செல்லாதவை ஆகிவிடும். அதன்படி அந்நியர் 28 ஆம் தேதி மாலையே வெளியே தள்ளப்பட்டார். பிரச்சினை, அவர் உள்ளே இருந்த இரண்டு நாள்களில் செய்துவிட்டுப் போனதில் இருந்தது.

அடுத்த மூன்று வாரங்களில் அலுவலகத்தில் தென்பட்ட ஒரே மாற்றம், பையரின் நிதிப் பிரிவிலிருந்து மெயிலே வரவில்லை என்பது. கணக்கர் இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அங்கே ஆள் மாறியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். வந்த மெயிலைச் சந்தேகிக்க எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம்; வராமல் போன மெயிலைச் சந்தேகிக்க நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

தொலைபேசி அழைப்பு

அக்டோபர் 19 அன்று பையரின் கொள்முதல் பிரிவில் இருக்கும் பெண், ஒரு நிறச் சாம்பிள் பற்றிப் பேச மெர்ச்சண்டைசரைக் கைபேசியில் அழைத்தார். பேச்சை முடிக்கும் நேரத்தில், உங்கள் வங்கிக் கணக்கு ஏன் வேறொரு நாட்டுக்கு மாறிவிட்டது என்று எங்கள் நிதிப் பிரிவில் கேட்கிறார்கள் என்றார். அப்படி எதுவும் மாறவில்லை என்று இவர் சொன்னதும் இரண்டு பக்கமும் சிறிது நேரம் பேச்சில்லை.

விசாரித்ததில் தெரியவந்தது இது. அக்டோபர் முதல் வாரத்தில், தணிக்கை நடப்பதால் வழக்கமான கணக்கில் பணம் பெற இயலாது என்று கூறி, புதிய வங்கி விவரத்துடன் பையருக்கு ஒரு கடிதம் போயிருந்தது. கடிதத்தின் தலைப்பு, இன்வாய்ஸ் எண், கணக்கர் வழக்கமாக எழுதும் வணக்க வாக்கியம் ஆகிய எல்லாம் அச்சாக அப்படியே இருந்தன. அனுப்பிய முகவரியில் மட்டும், நிறுவனத்தின் பெயரில் ஆங்கில எம் வரவேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. சிறிய திரையில் அவை எம் போலவே தெரியும். நான்கு நாளைக்கு முன் அதே கண்ணாடியால் நூல் கவுண்ட்டை (நூலின் தடிமனைச் சொல்லும் எண்) சரிபார்த்த முதலாளி, அந்த முகவரியை மூன்று முறை படித்தும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. நானும் முதல் பார்வையில் கண்டுபிடிக்கவில்லை.

சாம்பிள்களுக்கான சிறிய இன்வாய்ஸ் தொகை, 1,900 யூரோவுக்குச் சற்றுக் குறைவானது, 9 ஆம் தேதியே அந்தப் போலிக் கணக்குக்குப் போய்விட்டது. கப்பலேறவிருந்த முதன்மைச் சரக்குக்கான தொகை அதைப் போல இருபது மடங்குக்கும் மேல். அது இன்னும் அனுப்பப்படவில்லை.

தவறான ஊகம்

அன்று மாலை என்னை அழைத்தார்கள். முதலில் கடவுச்சொல்லை இரண்டாம் முறையாக மாற்றச் சொன்னேன். பிறகு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். கடந்த 28 நாள்களின் நிகழ்வுகள் அங்கே தெரியும்: 26 ஆம் தேதி நடந்த அந்நிய நுழைவு இருந்தது, 28 ஆம் தேதி கடவுச்சொல் மாற்றம் இருந்தது, அதன் பிறகு எதுவும் இல்லை. ஜிமெயில் பக்கத்தின் அடியில் கடைசியாகக் கணக்கைப் பயன்படுத்திய பத்து இணைய முகவரிகள் வரை காட்டும் பட்டியலையும் பார்த்தேன். எல்லாம் அலுவலக இணைப்பும் முதலாளியின் கைபேசியும்தான்.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு: கணக்குக்குள் யாரும் இல்லை, அப்படியானால் கணினிக்குள் இருக்கிறார்கள். தட்டச்சைத் திருடும் மென்பொருள் ஏதோ இருக்கிறது என்று எண்ணி, 20 ஆம் தேதி மெர்ச்சண்டைசரின் கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். ஒரு முழு நாள் வேலை. அந்தக் கணினியின் உலாவி வரலாறு, பதிவிறக்கக் கோப்புகள் எல்லாம் அத்துடன் அழிந்தன. படியெடுத்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பிறகு காவல் துறைக்குக் கொடுக்க இன்னொரு சான்று கையில் இருந்திருக்கும்.

கணினியைச் சுத்தம் செய்துவிட்டோம், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் 21 ஆம் தேதி கணக்கர் பையருக்குத் திருத்திய பேக்கிங் லிஸ்ட் அனுப்பினார். முந்தைய பட்டியலில் 212 பெட்டிகள். தரச் சோதனையில் மூன்று பெட்டிகள் நிறுத்தப்பட்டதால் இதில் 209.

23 ஆம் தேதி ஆயுத பூஜை. மதியம் பையர் தரப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. போலி முகவரியிலிருந்து புதிதாக வந்த கடிதம் அது. தொகையை விரைந்து அனுப்பும்படி கேட்டிருந்தது; சரக்கு விவரத்தில் 209 பெட்டிகள் என்று எழுதியிருந்தது.

ஆயுத பூஜை நாள்

அந்த எண்தான் நிகழ்வின் திருப்பம். 209 என்பது இரண்டு நாள் முன்பு, புதிய கடவுச்சொல்லுக்குப் பின், புதிதாக விண்டோஸ் ஏற்றிய அலுவலகத்திலிருந்து போன மெயிலில் மட்டுமே இருந்தது. உள்நுழைவு எதுவும் இல்லாமலே யாரோ மெயிலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தொலைபேசியில், "பாஸ்வேர்டுதான் ரெண்டு தடவ மாத்தியாச்சுங்களே, அப்பறம் எப்பிடிங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உடனே கிளம்பிப் போனேன்.

பூஜை முடிந்து, கணினிகளுக்கும் விசைப்பலகைகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சந்தனம் விசைகளுக்குள் போகாமல் துடைக்கக் கணக்கர் தன் விசைப்பலகையைத் தூக்கியபோது, அதன் அடியில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது தெரிந்தது. நிறுவனப் பெயரோடு 2021, 2022, 2023 என்று முடியும் மூன்று வரிகள் வரிசையாக அடிக்கப்பட்டு, நான்காவதாக, நான்கு நாளைக்கு முன் என் எதிரில் வைத்த "புதிய" கடவுச்சொல், 2024 என்று முடிந்து நின்றது. முந்தைய ஒன்றை அறிந்தவர் அடுத்ததை ஊகிக்க ஒரு நிமிடம் போதும். ஆனாலும் இந்தக் கசிவுக்கு அந்தத் தாள் காரணம் இல்லை.

கணக்கரின் கணினியில் முதன்முறையாக ஜிமெயிலை உலாவியில் திறந்து, அமைப்புகளில் ஒவ்வொரு தாவலாகப் போனேன். வரும் மெயிலை என்ன செய்யவேண்டும் என்ற விதிகளை எழுதி வைக்கும் வடிகட்டிகள் (ஃபில்டர்) என்ற தாவலில் இரண்டு வரிகள் இருந்தன. அலுவலகத்தில் ஒருவரும் அதுவரை ஒரு ஃபில்டரும் போட்டதில்லை.

முதலாவது: இன்வாய்ஸ், பேமென்ட், பேங்க், பேக்கிங் என்ற ஆங்கிலச் சொற்களில் எது வந்தாலும் அந்த மெயிலின் படியை வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு அனுப்பு. இரண்டாவது: பையரின் நிதிப் பிரிவு முகவரியிலிருந்து வருவது எதுவானாலும் அதே முகவரிக்கு அனுப்பிவிட்டு, உள்பெட்டியில் காட்டாமல் நீக்கு. கணக்கர் தன் பேக்கிங் லிஸ்ட் மெயிலை வழக்கம்போல முதலாளியின் பார்வைக்காக அலுவலக முகவரிக்கும் ஒரு படி வைத்திருந்தார். அந்தப் படி திரும்பி உள்ளே வந்தபோது முதல் வடிகட்டியில் விழுந்திருந்தது.

இது கடவுச்சொல்லோடு சம்பந்தமில்லாத ஏற்பாடு. வடிகட்டி கணக்கின் அமைப்புகளில் எழுதி வைக்கப்பட்ட ஒரு கட்டளை. அதை எழுதியவர் வெளியேறினாலும் கட்டளை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். முன்னனுப்பும் (ஃபார்வர்ட்) முகவரியைச் சேர்க்கும்போது அந்த முகவரிக்கு ஓர் உறுதிக் குறியீடு போகும். ஆனால் அது அந்நியரின் சொந்த முகவரி என்பதால் அவருக்கு அது தடையே இல்லை. முன்னனுப்பல் தொடங்கிய முதல் வாரத்தில் உலாவியில் ஜிமெயிலைத் திறப்போருக்கு மேலே ஓர் எச்சரிக்கைப் பட்டை தெரியும். தண்டர்பேர்டில் பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. கைபேசிச் செயலியில் வடிகட்டிகளைப் பார்க்கவே இடமில்லை.

ட்ராஷ் பகுதியைத் திறந்ததும் கணக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பையரின் நிதிப் பிரிவிலிருந்து வந்த நான்கு கடிதங்கள் அங்கே கிடந்தன. நான்கும் ஒரே கேள்விதான்: வங்கிக் கணக்கை மாற்றியது நீங்கள்தானா, தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள். அவர்கள் கவனமாகவே இருந்திருக்கிறார்கள். போலிக் கடிதத்துக்குப் பதில் போடாமல், தங்கள் முகவரிப் புத்தகத்திலிருந்த உண்மையான முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கவனத்தை எதிர்பார்த்துத்தான் இரண்டாவது வடிகட்டி போடப்பட்டிருந்தது.

அதே ட்ராஷில் செப்டம்பர் 26 தேதியிட்ட இன்னொரு மெயிலும் இருந்தது. ஒரு புதிய பையர் அனுப்பிய ஆர்டர் ஷீட் என்று சொல்லி, பகிர்ந்த கோப்புறைக்கான இணைப்பு ஒன்று அதில் இருந்தது. அந்நியர் அதை அழித்திருந்தார். ஜிமெயிலின் ட்ராஷ் 30 நாள்களுக்குப் பிறகு தானே காலியாகும் என்பதால், இன்னும் நான்கு நாள் கழித்து வந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

மெர்ச்சண்டைசர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாமா, அந்த லிங்க்ல நான்தான் பாஸ்வேர்டு போட்டனுங்க. ஷீட் ஓப்பனே ஆகல, அதனால விட்டுட்டனுங்க." 27 ஆம் தேதி காலையிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, மாமா என்ன சொல்வாரோ என்று வாயைத் திறக்கவில்லை. முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல, சாமி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே சொல்லியிருந்தால் கணினியை ஃபார்மட் செய்யும் எண்ணம் எனக்கு வந்திருக்காது, நேரே அமைப்புகளுக்குப் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மீட்பு: வரிசையும் காரணங்களும்

வடிகட்டிகளை உடனே அழிப்பதா, அந்நியரை ஏமாற்றப் பொய்த் தகவல் கொடுத்துப் பார்ப்பதா என்று ஒரு பேச்சு எழுந்தது. இரண்டாவது யோசனை மெர்ச்சண்டைசருடையது. குற்ற உணர்வில் பிறந்தது. சிறிய அலுவலகம் துப்பறியும் வேலையில் இறங்கினால் இழப்பது நேரம் என்பதால் ஏற்கவில்லை.

ஃபார்மட்டில் கற்ற பாடத்தால், முதலில் எதையும் தொடாமல் இரண்டு வடிகட்டிகளையும், முன்னனுப்பும் முகவரியையும், பாதுகாப்புப் பக்கத்தையும் தேதி தெரியும்படி படமெடுத்தோம். ட்ராஷில் இருந்த ஐந்து மெயில்களையும் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழுத் தலைப்பு விவரங்களுடன் (ஹெடர்) மூல வடிவில் கோப்புகளாக இறக்கிக்கொண்டு, அவற்றை உள்பெட்டிக்கு நகர்த்தினோம்.

அடுத்ததாகக் கடவுச்சொல். சுத்தம் செய்வதை முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றலாம் என்று தோன்றும். ஆனால் ஒருவேளை யாராவது உள்ளே இருந்தால், நாம் ஒரு பக்கம் துடைக்க அவர் மறுபக்கம் எழுதுவார். ஆகவே முதலாளியின் கைபேசியிலிருந்து முதலில் அதை மாற்றினோம். பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டு ஒன்றின் முதல் அடியை ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்றார் முதலாளி. எல்லோரும் அறிந்த வரி ஊகப் பட்டியல்களிலும் இருக்கும் என்று சொல்லி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுத்தோம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டல், காரணமின்றிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக் கூடாது, நீளத்தைக் கவனியுங்கள், கசிந்ததற்கான அறிகுறி தெரிந்தால் மாற்றச் சொல்லுங்கள் என்கிறது. ஆண்டு முடிவில் கடைசி இலக்கத்தைக் கூட்டும் பழக்கம் ஏன் பயனற்றது என்பதற்கு அந்த மஞ்சள் தாளே போதிய விளக்கம்.

பிறகு வடிகட்டிகள் இரண்டையும், முன்னனுப்பும் முகவரியையும் நீக்கினோம். வேறு பெயரில் மெயில் அனுப்பும் வசதி, பதில் போகவேண்டிய முகவரி, கணக்கை அணுக அனுமதிக்கப்பட்ட பிறர், கையொப்பம், வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த அனுமதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இவற்றில் அந்நியர் எதையும் தொட்டிருக்கவில்லை.

மீட்பு விவரங்களில் வேறொரு ஆபத்து காத்திருந்தது. மீட்பு எண்ணாக இருந்தது, நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போன ஓர் ஊழியரின் பழைய சிம். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைபேசி எண், குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். முன்பின் தெரியாத ஒருவர் கையில் எங்கள் கணக்கின் மாற்றுச்சாவி இருந்திருக்கக்கூடும். அந்நியர் இந்த எண்ணை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது: மாற்றினால் எச்சரிக்கை போகும், அவருக்கு வேண்டியதோ சத்தமில்லாமல் படிப்பது. எண்ணை முதலாளியுடையதாக மாற்றினோம். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்ப கூகுள் இடம் கொடுக்கலாம் என்பதால், எட்டாவது நாள் மறுபடி பார்க்கவேண்டும் என்று கணக்கரின் நாட்காட்டியில் குறித்தோம்.

கடைசியாக, மூவர் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் முறை. கணக்கருக்கும் மெர்ச்சண்டைசருக்கும் சொந்த முகவரிகள் தொடங்கி, அலுவலகக் கணக்கை அணுக அவற்றுக்கு அனுமதி கொடுத்தோம். ஜிமெயிலில் இப்படிச் சேர்க்கப்பட்டவர் மெயிலைப் படிக்கலாம், அனுப்பலாம். கடவுச்சொல்லை மாற்ற இயலாது. மூன்று கணக்குகளிலும் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தின் பூட்டைத் திறந்து உள்நுழையும் முறை) வைத்தோம். குறுஞ்செய்திக் குறியீட்டைவிட இதைத் தேர்ந்ததற்குக் காரணம், போலிப் பக்கம் கடவுச்சொல்லோடு குறியீட்டையும் கேட்டு வாங்கி அந்தக் கணமே உண்மையான பக்கத்தில் போட்டுவிட முடியும். பாஸ்கீ உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. 8 இலக்கக் காப்புக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டு, செக் புத்தகங்கள் இருக்கும் இரும்புப் பீரோவில் வைத்தார்கள். தண்டர்பேர்டை விட்டுவிட்டு உலாவிக்கு மாறுவது கணக்கருக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

இந்த மெயில் முகவரி வேறு எவற்றுக்கெல்லாம் சாவியாக இருக்கிறது என்று தேடியதில், ஜிஎஸ்டி தளம், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம், கூரியர் கணக்கு, இணையதளப் பதிவு என்று பட்டியல் நீண்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்றி, ஒரு கடவுச்சொல் நிர்வாகி மென்பொருளில் சேமித்தோம். மஞ்சள் தாளைக் கணக்கரே கிழித்துப் போட்டார்.

புகாரும் பணமும்

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதிவு செய்து, 1930 என்ற உதவி எண்ணையும் அழைத்தோம். பிறர் அடையாளத்தையும் கடவுச்சொல்லையும் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். படங்களும் மூல வடிவ மெயில்களும் அங்கே பயன்பட்டன. இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்று, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டிருக்கிறது. நாங்கள் நாள் கணக்கில் தாமதமாகத்தான் தெரிவித்தோம்.

பணம் இந்தியாவைத் தொடவே இல்லை. ஒரு வெளிநாட்டு வங்கியிலிருந்து இன்னொரு வெளிநாட்டு வங்கிக்குப் போயிருந்தது. அதனால் பையர் தன் வங்கியிலும் தன் ஊர்க் காவல் துறையிலும் புகார் செய்யவேண்டியதாயிற்று. பத்து நாளுக்கு மேல் கடந்துவிட்டதால் கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அந்த 1,900 யூரோவை யார் ஏற்பது என்பதில் இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கசிந்தது எங்கள் கணக்கு, உறுதி வராமலே பணம் அனுப்பியது அவர்கள் என்ற நிலையில் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். முதன்மைச் சரக்கின் தொகை வழக்கமான வங்கிக் கணக்குக்கே வந்து சேர்ந்தது.

அதன் பிறகு

ஒவ்வொரு இன்வாய்ஸின் அடியிலும் இப்போது ஒரு வரி அச்சாகிறது: எங்கள் வங்கி விவரம் மின்னஞ்சல் மூலம் ஒருபோதும் மாற்றப்படாது. மாறினால் பையர் ஏற்கெனவே தன்னிடமுள்ள எண்ணில் அழைத்து, கணக்கரின் குரலைக் கேட்டுத்தான் ஏற்பார். மெயிலிலேயே கொடுக்கப்பட்ட எண்ணில் அழைப்பதில் பயன் இல்லை என்பதை இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டன.

இதே நிகழ்வை மறுபடி கையாள நேர்ந்தால் நான் மாற்றிக்கொள்ளும் முதல் விஷயம், கணினியைத் தொடுவதற்கு முன் கணக்கின் அமைப்புகளைப் பார்ப்பது. உள்நுழைவுப் பட்டியல் சுத்தமாக இருந்ததைக் கண்டு கணக்கும் சுத்தம் என்று நான் முடிவு செய்ததுதான் நான்கு நாளை வீணாக்கியது. யார் எதைச் சொடுக்கினார்கள் என்ற கேள்வியை முதலாளி இல்லாத நேரத்தில், தனியாகக் கேட்டிருப்பேன். செப்டம்பர் 28 அன்று கடவுச்சொல்லை மாற்றிய கையோடு வடிகட்டித் தாவலைத் திறந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. அதற்கு இரண்டு நிமிடம் போதும். சாம்பிள் பணமும் தப்பியிருக்கும்.

மாதத்தின் முதல் வேலை நாளில் கணக்கர் வடிகட்டிகளையும், முன்னனுப்பலையும், மீட்பு எண்ணையும் பார்த்து ஒரு நோட்டில் தேதியிட்டுக் கையொப்பமிடுகிறார். ஐந்தாவது மாதம் காலை ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் நடுங்கியது. வடிகட்டிகளில் ஒரு புதிய வரி இருக்கிறது, உள்பெட்டியில் காட்டாதே என்று எழுதியிருக்கிறது என்றார். எதையும் தொடவேண்டாம், படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். படம் வந்தது. கூரியர் நிறுவனத்தின் தினசரி அறிவிப்புகளை ஒதுக்கித் தனி லேபிளில் போட, முந்தைய வாரம் மெர்ச்சண்டைசரே போட்ட ஃபில்டர் அது.